நான் கட்டிவைத்த நாலு வயர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் முழுசாக வரவில்லை. மதுரையிலிருந்து பஸ்ஸில், சித்தப்பாவின் மடியில், உதிரி உதிரியாக வந்தது. கடையிலேயே பூட்டித் தருகிறோம் என்றார்களாம். எனக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்றுதான் அப்போது நாங்களும் நம்பினோம். நான் நாலாம் வகுப்பு.

கம்ப்யூட்டர் அக்காவுக்காக. பன்னிரண்டாவது முடித்துவிட்டு டிசைன் படித்திருந்தாள். வீட்டில் மெஷின் இருந்தால் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் போடும் வேலை தருவதாகச் சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அம்மா திரி சொருகப் போகும் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியிலேயே அக்காவுக்கும் இடம் சொல்லி வைத்திருந்தார்.

“இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இதுல படம் தெரியணும். தெரியலைன்னா சாமானத் திருப்பிக் குடுத்துட்டு, நாளைக்கு அம்மாகூடக் கெளம்பிரு” என்றார். அக்கா காலையிலிருந்து சாப்பிடவே இல்லை.

சீசன் நேரம், ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவுக்கு வேலை. அவள் போனதும் சித்தப்பா பாயை விரித்து உட்கார்ந்தார். பச்சை மதர்போர்டைச் சீர்த்தட்டு போல முன்னால் வைத்தார். கம்ப்யூட்டருக்கு இதுதான் மூளை என்று சொல்லி அதில் பிராசஸரைப் பொருத்தி, மேலே ஃபேனை மாட்டினார். பவர் சப்ளை டப்பாவிலிருந்து கலர் கலராக வயர்கள் கொத்தாகத் தொங்கின. அதில் பெரிய பிளக்கை எடுத்து மதர்போர்டில் அழுத்தினார்.

“அம்புட்டுத்தான். மிச்சமெல்லாம் சும்மா, கம்பெனிக்காரன் தாராளமாக் குடுத்திருக்கான்.”

அவர் கம்ப்யூட்டர் படித்த காலத்து மெஷின்களுக்கு அந்த ஒரு பிளக் போதும். இது புது மாடல் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

மிச்ச வயர்கள் தொங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. திரி நீட்டிக்கொண்டு கிடந்தால் ஆபத்து என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பால்குடி மறக்கும் முன்பே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் சணலால் இறுக்கிக் கட்டி, டப்பாவுக்குப் பின்னால் செருகினேன். மஞ்சளும் கறுப்புமாக நாலு வயர் சேர்ந்த ஒரு சின்னப் பிளக்கும் அதில் அடக்கம். “பாத்தியா, இவளுக்கு இருக்கிற பொறுப்ப” என்று சித்தப்பா மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சுவிட்சைப் போடப் போனார். நாங்கள் பழக்கதோஷத்தில் நாலடி தள்ளிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டோம். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றினார், மாட்டினார், ஊதினார், விபூதிகூடப் பூசிப் பார்த்தார். ஃபேன் மட்டும் ஜம்மென்று சுற்றியது. நாலு மணிக்கு, மதர்போர்டு செத்துப்போய்விட்டது என்று அறிவித்தார். அப்பா காலி அட்டைப்பெட்டிகளை எடுத்துவந்து வைத்தார். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்நேரம் அம்மா வேலை முடிந்து வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, கையைத் தேய்த்துக் கழுவி வந்து மதர்போர்டுக்கு முன்னால் குந்தினாள்.

“தம்பி, மொதல்ல செவுத்துப் பிளக்கப் புடுங்குங்க.”

சித்தப்பா சிரித்தபடியே பிடுங்கினார். அம்மாவின் வேலையில், தட்டில் அடுக்கிய வெடிகளில் திரி இல்லாத ஓட்டை ஒன்று தப்பினாலும் மொத்தத் தட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மதர்போர்டையும் அவள் அப்படித்தான் பார்த்தாள், மேலிருந்து கீழாக, ஒரு வரிசை விடாமல்.

“பிராசஸரோ என்னமோ சொன்னீகளே, அதுக்குப் பக்கத்துல நாலு ஓட்டை காலியாக் கெடக்கே. இதுல என்ன சொருகணும்?”

சித்தப்பா குனிந்து பார்த்தார். “அதுக்கு வயரே வரலையே மதினி.”

நான் போய்ச் சணலை அவிழ்த்து, மஞ்சள் கறுப்புப் பிளக்கை எடுத்து நீட்டினேன்.

“அடிக் கழுத!” என்றார் சித்தப்பா.

அம்மா அதை வாங்கி, டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். சுவிட்சைப் போட்டதும் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. சித்தப்பா எல்லாம் தன் வேலை என்பது போலக் கைதட்டினார். அப்பா அட்டைப்பெட்டிகளைப் பரண்மேல் ஏற்றினார்.

அம்மா அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். அக்காவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். அம்மாவின் விரல்களில், எவ்வளவு கழுவினாலும் போகாத பட்டாசு மருந்துக் கறை. அக்காவின் விரல்கள் சுத்தமாக இருந்தன. அம்மா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அக்காவுக்குக் கரண்டு அடித்துவிட்டதோ என்று பார்க்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

“பயப்படாதம்மா, அக்கா ஒரு வயரக்கூடத் தொடல” என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.