வராத வியாழக்கிழமைகள்

என் மகளுக்கு ஏழு வயது. பிறந்த நேரத்தில் மூச்சுத் திணறி மூளை பாதித்துவிட்டது என்றார்கள். சிரிப்பாள், தெரிந்த முகத்தைக் கண்டால் கை நீட்டுவாள். தானாக உட்கார மாட்டாள். இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க அரசாங்கத்தில் ஆள் உண்டு என்று எனக்குச் சொன்னது, கீழ்பென்னாத்தூரில் என்னிடம் ஜாக்கெட் தைக்க வரும் ஒரு டீச்சர். மனு கொடுத்து, அலைந்து, கடைசியில் ஒரு வியாழக்கிழமை எங்கள் வாசலில் ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினாள்.

என்னைவிடச் சின்னவள். ஒப்பந்த வேலை. வந்ததும் பாயை விரித்து, மகளின் காலை நீட்டிப் பிடித்து, முப்பது எண்ணும் வரை விடவில்லை. "காலு பிடிவாதம் பண்ணும்க்கா. நாம அதைவிட ஜாஸ்தி பண்ணணும்" என்றாள். அந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அளவு கொடுக்க வந்த பெண்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். யார் வாயிலிருந்து நல்ல பேச்சு வந்தாலும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்கிற ஆள் நான்.

நான்கு மாதம் தவறாமல் வந்தாள். தரையே படாத மகளின் குதிகால் தரையில் பட்டது. அன்று நானும் அவளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். பிறகு வரவு குறைந்தது. ஒன்றியம் முழுக்க அவள் ஒருத்திதான். வீட்டில் பால்குடிக்கும் பிள்ளை வேறு. மாதத்தில் ஒரு வியாழன் வருவாள், பதிவேட்டை விரிப்பாள். "மத்த மூணு வாரமும் வந்ததா கையெழுத்து போட்டுடுங்கக்கா. கம்மியாச்சுன்னா அடுத்த வருசம் என்னை வச்சிக்க மாட்டாங்க" என்பாள். போட்டேன். மழைக்காலத்தில், பாவம் நனைந்துகொண்டு வருகிறாளே என்று, வரப்போகிற வாரங்களுக்கும் சேர்த்து நானே கேட்டு வாங்கிப் போட்டேன்.

கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் அகலமாக ஒரு கட்டம் இருந்தது. மேலே 'முன்னேற்றம்' என்று அச்சடித்திருந்தது, கீழே காலி. எட்டாவதோடு நின்றவள் நான், ஆனால் வேர்க்கடலை மடித்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் கசக்க மாட்டேன். அந்தக் கட்டத்தையும் படித்தேன். இதில் என்ன எழுதுவாய் என்று மட்டும் கேட்கவில்லை.

வீட்டுப் பயிற்சிக்கான பிள்ளைகளின் புது வருடப் பட்டியல் வந்தது. அவள் வருவது அடியோடு நின்றது. போன் செய்தால், "லிஸ்ட்ல பாப்பா பேரு இல்லக்கா, ஆபீஸ்ல கேளுங்க" என்று வைத்துவிட்டாள். ஆபீஸ்காரர்கள்தான் ஏதோ செய்துவிட்டார்கள், இவளுக்கும் எவ்வளவு வருத்தமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

கோபத்தில், அன்றைக்குப் பௌர்ணமி என்பதையும் மறந்து ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸை டவுனுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிரிவலக் கூட்டத்துக்கு நடுவில் நடந்தேன். ஒருவர் அவள் தலையைத் தொட்டுக் கும்பிட்டு, "சாமி குழந்தைம்மா இது" என்றார்.

"சாமினா கொஞ்ச தூரம் நீங்களும் தூக்குங்க" என்றேன்.

மனிதர் சிரித்துக்கொண்டே வாங்கி, ஆபீஸ் தெருமுனை வரை தூக்கி வந்தார்.

ஆபீசில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பதிவேட்டைப் புரட்டிப் படித்தார். "ஆதரவில்லாம உக்காருது. பிடிச்சிக்கிட்டு நிக்குது. இலக்கு எட்டியாச்சு. இனிமே வீட்டுக்கு ஆள் வராதும்மா. நீங்கதான் வாராவாரம் இங்க சென்டருக்குக் கூட்டிட்டு வரணும்."

என் மடியில் மகள் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். "கையெழுத்து உங்களுதுதானே?"

எல்லாம் என்னுடையதுதான். பக்கத்துக் கட்டங்களில் பயிற்சி கொடுத்தவளின் குண்டு குண்டு எழுத்து. அவள் வராத வாரங்களில்தான் என் மகள் வேகமாகத் தேறியிருந்தாள்.

இல்லை சார், அந்த வாரங்களில் அவள் வரவே இல்லை என்றேன். அவர் அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் எதிரில் இருப்பது அவளுக்குத் தெரியாது. "பாப்பா நல்லா உக்காருது சார். அந்த அக்காவுக்கு என்னை விட்டுட மனசு வரல, அதான் வந்து கேக்கறாங்க" என்றது அதே குழைவான குரல். குதிகால் தரையில் பட்ட அன்று என் தோளில் அழுத குரல்.

அதிகாரி போனை வைத்தார். "மறுபடி பேரு சேக்கணும்னா இது பொய்னு எழுதிக் குடுக்கணும். பொய்யில உங்க கையும் இருக்கு. யோசிச்சிக்கோங்க" என்றார்.

வாரம் ஒருமுறை இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் என் தையல் மெஷின் ஓடாது. ஏறாவிட்டால் அவள் கால் மறுபடி பின்னிக்கொள்ளும். ஒரு கையால் மகளை அணைத்துக்கொண்டு, மறு கையால் அந்தப் பெண் வராததையும் எழுதினேன், நான் கையெழுத்துப் போட்டதையும் எழுதினேன்.

பெயர் பட்டியலில் ஏறியது. அவளுக்கு வேலை போனது. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. பட்டியலில் என் மகள் இருக்கிறாள், வருவதற்குத்தான் யாரும் இல்லை.

சில வாரம் கழித்துப் போன் செய்தாள். "சொந்த அக்கா மாதிரி நெனச்சேனே. என் வயித்துல அடிச்சிட்டீங்களே" என்று அழுதாள்.

வந்ததாகப் போட்டுக்கொண்டது போகட்டும். 'மாற்றமில்லை' என்று அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கக் கூடாதா? அதைத்தான் கேட்க நினைத்தேன். போனைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்தேன். இரண்டு கைகளும் மகளின் காலை நீட்டிப் பிடித்திருந்தன. எண்ணிக்கை இருபதைத் தாண்டியிருந்தது. வாயைத் திறந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். முப்பது வந்தபோது மறுமுனையில் யாரும் இல்லை. அடுத்த காலை எடுத்தேன்.