சத்திரத்து வாய்க்கால்

போன புரட்டாசியில் நானும் மனைவியும் ஒரு வேனில் ஊர் சுற்றக் கிளம்பினோம். நண்பர் ஒருவர் பழைய டெம்போ வேனுக்குள் படுக்கை, அடுப்பு, சின்னதாக ஒரு கழிப்பறை எல்லாம் கட்டி வைத்திருந்தார். நான் கல்லூரியில் கட்டடக்கலை நடத்துகிறவன். தஞ்சாவூர்ப் பெரிய கோயில், அரண்மனையில் இருக்கும் செப்புத் திருமேனிகள், பாபநாசம் பக்கத்து நெற்களஞ்சியம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நிழல் கண்ட இடத்தில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டோம். சாவியைக் கொடுக்கும்போது நண்பர் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். கழிவுத்தொட்டி நிறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் கழிவு லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சிக்கொள்ளச் சொல்ல வேண்டும். வேறு எங்கும் வால்வைத் திறக்கக் கூடாது.

நான்காம் நாள் மாலை வலங்கைமானைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனோம். அங்கே மராட்டியர் காலத்துச் சத்திரம் ஒன்று இருந்தது. அதன் ஒரு கூடத்தை அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். சாவி பக்கத்து வீட்டில் ஒரு பெண்மணியிடம் இருந்தது. நாற்பது வயது இருக்கும். கையில் துணியோடு வந்து, கதவைத் திறந்து, ஒவ்வொரு சிலையாகத் துடைத்துக்கொண்டே பேசினார். தலை உடைந்த ஒரு புத்தர் முன்னால் நின்று, "பின்னால ஓடுதே, அந்த வாய்க்கால் தூர் வாரும்போது கெடச்சாரு சார்" என்றார். செங்கல் வளைவுகளை நான் இருட்டும்வரை படம் எடுத்தேன்.

அன்றைக்கு வேனின் சிவப்பு விளக்கு எரிந்தது. சாவி வைத்திருந்த பெண்மணியிடம் சொன்னேன்.

"எங்க ஊர்லயே ஒருத்தர் லாரி வச்சிருக்காரு சார். காலைல போன் பண்றேன். ஒம்பது மணிக்கு வந்துடுவாரு. வண்டி இங்கயே நிக்கட்டும், தண்ணி வேணும்னா எங்க வீட்டுல புடிச்சிக்குங்க."

எனக்கு மன்னார்குடிக் கோயில் குளத்தைக் காலை வெயிலில் படம் எடுக்க வேண்டும். ஒன்பது மணி என்றால் அந்த வெளிச்சம் போய்விடும். விடியற்காலையில், மனைவி எழுவதற்கு முன், வேனைச் சத்திரத்தின் பின்பக்கம் கொண்டுபோனேன். வாய்க்காலில் தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அடித்துக்கொண்டு போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வால்வைத் திறந்தேன். விளக்கு அணைந்தது.

உடனே கிளம்பியிருப்போம். அந்தப் பெண்மணி டீ கொண்டுவந்துவிட்டார். லாரி வேண்டாம், அவசரமாகப் போகிறோம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கீழ்ப்பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. அடுத்த வயலின் நாற்றங்காலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பெண்கள் கரையேறி, புல்லில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால்வரை அவர்கள் நின்றிருந்தது அந்த வாய்க்காலிலிருந்து பாய்ந்த தண்ணீரில்.

அவர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. அங்கேயே நின்று போன் செய்தார்.

"நேத்து எங்கடா கொண்டுபோய்க் கொட்டுன? வாய்க்கால்லயா? பொம்பளைங்க நிக்கிற தண்ணிடா அது. பேசாத. வந்து சுத்தம் பண்ணு."

நேற்று எனக்காக 'வச்சிருக்காரு' என்று மரியாதையோடு சொன்ன அதே ஆள்தான்.

என் பக்கம் திரும்பி, "லாரிக்காரன் வேலை சார் இது" என்றார்.

"அப்படியா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். வால்வைத் திறந்ததற்கு அவசரம் என்று ஒரு காரணமாவது இருந்தது. 'அப்படியா' என்றதற்கு எதுவும் இல்லை. கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவிக்கூடக் கொடுத்தேன்.

மன்னார்குடியில் குளத்தங்கரையில் நிறுத்தினேன். வெயில் நான் நினைத்த மாதிரியே விழுந்திருந்தது. கேமராவை எடுக்கவில்லை. மனைவி முன்சீட்டில் இருந்தபடி கேட்டாள்.

"லைட்டு எரியலையே. தொட்டியை எப்போ காலி பண்ணீங்க?"

நான் கேமராப் பையைப் பின்னால் நகர்த்தி வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். காலையில் கேட்ட சத்தத்தையும் இதையும் அவளே சேர்த்துப் பார்த்துக்கொண்டாள் என்பது தெரிந்தது.

"திருப்புங்க வண்டியை."

திரும்பிப் போனபோது வாய்க்கால் கரையில் லாரி நின்றிருந்தது. என் வயதுக்காரர் ஒருவர், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஓரத்தில் தேங்கியிருந்ததைக் குழாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். தான் செய்யாத வேலைக்கு வந்திருந்தார். மேலே அந்தப் பெண்மணி பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு நின்றார்.

"நான்தாங்க. என் வண்டியிலிருந்து விட்டது" என்றேன்.

அந்தப் பெண்மணி மூட்டையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "பக்கத்துலயே நின்னுதான டீ குடிச்சிங்க?"

தண்ணீரில் நின்றவர் மோட்டாரை நிறுத்தினார். நான் அவரிடமும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"வண்டில இன்னும் மிச்சம் இருக்கா சார்? இருந்தா லாரில விட்டுருங்க" என்றார்.

அந்தப் பெண்மணி அவரைப் பார்க்காமல், "தெரியாமப் பேசிட்டேன், அண்ணே" என்றார்.

"நான் இல்லன்னு சொன்னேன்ல. போனை வச்சிட்டீங்க" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. மோட்டாரை மறுபடி போட்டார்.

நானும் இறங்குகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். பவுடரை மட்டும் நானும் மனைவியும் கரை நெடுக இறைத்தோம்.

அந்தப் பெண்கள் கால் கழுவிவிட்டு வேறு வயலில் நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் போய் நின்று, காலையில் நடந்தது என்னால்தான் என்று சொன்னேன். நட்ட கை நிற்கவில்லை. ஒருவர் மட்டும், வளைந்த முதுகை நிமிர்த்தாமல், "சரி, போங்க" என்றார். வரப்பு குறுகலாக இருந்தது. மனைவி முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன்.