பங்கஜாட்சியாக ஒன்பது வருடம்

திருவனந்தபுரத்தில் எட்டு மாடி அரசாங்கக் கட்டடம் ஒன்று எழுப்புவதென்று 1970இல் முடிவானபோது, அதற்கான ஒப்பந்தத்தில் அருமையான நிபந்தனை ஒன்று சேர்க்கப்பட்டது. வேலைக்கு எடுக்கும் பத்துப் பேரில் ஆறு பேர் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும். இதைக் குறை சொல்ல முடியாது. ஓர் ஊரின் வெளிச்சத்தை மறைத்து, அந்த ஊர்ப் பாதையையெல்லாம் சேறாக்கி எழும்புகிற கட்டடம், அந்த ஊர்க்காரன் வீட்டு அடுப்புக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? காண்டிராக்டரும் நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். கையெழுத்தும் போட்டார். மை காய்ந்ததும், வழக்கம்போல வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

அப்படி இறங்கியவர்களில் ஒருத்தி உலகம்மாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. கூடவே கணவர் வேலப்பனும் இறங்கினார். ஆனால் அவரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. முதல் மாடிச் சாரத்தில் ஏறி ஒருமுறை கீழே பார்த்தார். அன்று சாயங்காலமே ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். உலகம்மாள் கீழே பார்க்காத பெண். தலையில் சாந்துச் சட்டி இருந்தால் கீழே பார்க்கவும் முடியாது. அதனால் அவள் தங்கிவிட்டாள். கரமனை ஆற்றங்கரையில், வெள்ளம் வரும்போது மட்டும் நகராட்சிக்கு ஞாபகம் வருகிற குடிசை வரிசையில், நான்கு தகரமும் இரண்டு பாயும் அவளுக்கு வீடாயின.

நிபந்தனையை மீறுவது காண்டிராக்டரின் சுபாவம் அல்ல. பத்துக்கு ஆறு என்றால் ஆறு. வாக்காளர் பட்டியல் ஒன்றை வரவழைத்து, பக்கத்து வார்டில் வறுமையாகத் தோன்றிய பெயர்களுக்கெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டு, மேஸ்திரி ஞானசிகாமணியிடம் கொடுத்தார். ஞானசிகாமணி விளவங்கோட்டுக்காரர், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர். திங்கட்கிழமை காலையில் மண்வெட்டியையும் சட்டியையும் கொடுத்து முடித்த கையோடு பெயர்களையும் பங்கிட்டார்.

"கேட்டுக்கிடுங்க. அப்பன் ஆத்தா வச்ச பேரை வேலிக்கு வெளிய விட்டுட்டு வரணும். வேலிக்கு உள்ள நான் விளிக்கிற பேருதான். ஹாஜர்னு சொல்லணும். மனசிலாச்சா?"

செங்கல் சுமக்கிற பிச்சைக்கனிக்கு பாஸ்கரன் நாயர் என்று வந்தது. அவன் கலங்கிப்போனான்.

"அண்ணாச்சி, இதை வீட்டுல சொன்னா சிரிப்பாளே."

"வீட்டுல எதுக்குடே சொல்லுத? அங்க நீ பிச்சைக்கனியாவே கெட."

உலகம்மாளுக்கு வந்த பெயர் பங்கஜாட்சி. மணக்காட்டுக்காரி, முப்பத்தைந்து வயது, கணவர் பெயர் தங்கப்பன்.

"வாயிலயே நுழையலியே அண்ணாச்சி. வேற சின்னப் பேரா ஒண்ணு கெடையாதா?"

"நல்ல பேராக்கும் பிள்ளே. தாமரை மாதிரி கண்ணுன்னு அர்த்தம்."

"சுண்ணாம்பு தெறிச்சு ஒரு கண்ணு எப்பவும் செவந்துல்லா கெடக்கு."

"அப்போ செந்தாமரைன்னு வச்சுக்க. போ, சட்டியை எடு."

முதல் வாரம் முழுக்கப் பங்கஜாட்சி வேலைக்கு வரவில்லை என்றே மஸ்டர் ரோலில் பதிவாயிற்று. மேஸ்திரி தொண்டை கிழியக் கூப்பிட, உலகம்மாள் முன்வரிசையில் நின்று, யார் அந்த வராத மகராசி என்று மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தாள். பிறகு பழகிவிட்டது. கரமனையிலிருந்து நடந்து வரும் வழியெல்லாம் தனக்குத் தானே கூப்பிட்டு, தானே ஹாஜர் சொல்லிப் பழகினாள். இரண்டு மழைக்காலம் போனபின், தெருவில் யாராவது "எடீ பங்கஜாட்சி" என்றால் திரும்பினாள். "ஏளா உலகம்மா" என்றால் நேரே போய்க்கொண்டிருந்தாள்.

எட்டு மாடி முடிய ஒன்பது வருடம் ஆயிற்று. மாடிக்கு ஒரு வருடம். திறப்பு விழாவுக்கு ஒன்று. இந்த ஒன்பது வருடத்தில் பங்கஜாட்சியைப் போன்ற தொழிலாளியை அந்த அலுவலகம் கண்டதில்லை. ஓணத்துக்கு முந்தின நாளும் வந்தாள், பந்த் அன்றும் வந்தாள். தொழிலாளர் துறையிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் இந்தப் பெயரைச் சுட்டிக்காட்டி, உள்ளூர்ப் பெண்கள் எவ்வளவு முன்னேறிவிட்டார்கள் என்று குறிப்பு எழுதினார்கள். ஆய்வில் பெயர்களை எண்ணுவது முறை. ஆட்களை எண்ணச் சொல்லி எந்த விதியும் இல்லை.

ஆறாம் மாடிக்குப் போகும் சாய்வுப் பலகை ஒருநாள் வழுக்கியது. சட்டியோடு விழுந்ததில் உலகம்மாளுக்கு வலது கணுக்கால் முறிந்தது. ஆஸ்பத்திரி நோட்டிலும் பங்கஜாட்சி என்றே எழுதவைத்தார் ஞானசிகாமணி. ஆக, முறிவு பங்கஜாட்சிக்கு. வலி மட்டும் உரிய இடத்தில் இருந்தது. எலும்பு கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. அதன்பின் உலகம்மாள் படி ஏறும்போது ஒரு படிக்கு இரண்டு மூச்சு வாங்கினாள்.

1979இல் இரண்டாவது கட்டடம் வரப்போவதாக அறிவிப்பு வந்தது. இம்முறை விதி இன்னும் அருமையாக இருந்தது. முதல் கட்டடத்தில் ஏழு வருடத்துக்கு மேல் உழைத்த உள்ளூர்க்காரர்களுக்கு நிரந்தர அட்டை. அட்டை இல்லாதவருக்கு இந்தக் கட்டடத்தில் மட்டுமல்ல, நகரத்தில் எந்தப் பெரிய வேலையிலும் இடமில்லை. அடிபட்ட தொழிலாளியாக இருந்தால் சுமை தூக்க வேண்டாம். போட்ட தளத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் போதும்.

"உனக்கு யோகம் பிள்ளே," என்றார் ஞானசிகாமணி. "ஒம்பது வருஷம். ஒடிஞ்ச காலு. உன்னைவிட்டா யாரு உண்டு?"

நாற்பத்தைந்து வயதில், ஒரு படிக்கு இரண்டு மூச்சு வாங்குகிறவளுக்குத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை என்பது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. உலகம்மாள் குளித்துவிட்டுப் பழவங்காடிக்குப் போனாள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அதோடு நிற்காமல், ரசீது எழுதும் சன்னலில் போய் ஒரு புஷ்பாஞ்சலிக்கும் சொன்னாள்.

"பேரு?" என்றார் உள்ளே இருந்தவர்.

"பங்கஜாட்சி," என்றாள் உலகம்மாள்.

"நாளு?"

"பூரட்டாதி."

வெளியே வந்து ரசீதை மடித்து முந்தானையில் முடியும்போதுதான் உறைத்தது. பெயர் அவளுடையது, நட்சத்திரம் தன்னுடையது. காலை இழுத்துக்கொண்டு திரும்பப் போனாள். சன்னலில் இருந்தவர், எழுதியதை மாற்ற முடியாது, வேண்டுமானால் இன்னொன்று எழுதலாம் என்றார். கையில் பஸ்ஸுக்கு மட்டும்தான் இருந்தது. பிள்ளையாருக்கு ஆளைத் தெரியாதா என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

பிள்ளையார் எப்படியோ, தபால் இலாகா ஆளைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தது. துறை அனுப்பிய கார்டு மணக்காட்டில் தங்கப்பன் மனைவி பங்கஜாட்சியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. 'தங்களின் ஒன்பதாண்டு இடையறாத உழைப்பைப் பாராட்டி' என்று தொடங்கி, நிரந்தர அட்டைக்கான விசாரணைக்கு வரச் சொல்லி முடிந்தது அது. ஒரு டீக்கடைக்கு மாவு ஆட்டிக் கொடுத்து மூன்று பெண் மக்களை வளர்த்துவந்த பங்கஜாட்சி, தன் வாழ்நாளில் தன்னை யாரும் பாராட்டாததால், கார்டை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

விசாரணைக்கு வந்த லேபர் ஆபீசர் பட்டாபி, கரமனை அக்ரகாரத்துக்காரர். லஞ்சம் வாங்காதவர், பிறர் வீட்டில் காப்பிகூடக் குடிக்காதவர். சிமெண்டுக் கொட்டகைக்கு முன் மேசை போட்டு உட்கார்ந்து பெயர் கூப்பிட்டார்.

"பங்கஜாட்சி!"

"ஹாஜர் சாரே," என்றன இரண்டு குரல்கள்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது வருடமாக ஒரே பெயரில் வாழ்ந்தவர்கள் சந்திப்பது அதுதான் முதல் தடவை.

"ரேஷன் கார்டு யார்கிட்ட இருக்கு?" என்றார் பட்டாபி.

மணக்காட்டுப் பங்கஜாட்சி நீட்டினாள். பெயர், கணவர் பெயர், வார்டு, வீட்டு எண் எல்லாம் பொருந்தின. பட்டாபி உலகம்மாள் பக்கம் திரும்பினார்.

"நீ யாரு அம்மா?"

"நான்தான் சாமி இங்க ஒம்பது வருஷமா சாந்து சுமக்கேன். இந்தா, காலைப் பாருங்க."

"வீட்டு நம்பர் என்ன?"

"ஆத்தங்கரையில நம்பர் ஏது சாமி?"

பட்டாபி மேஸ்திரியைக் கூப்பிட்டார். "ஞானசிகாமணி, இவளை நீர் அறிவீரோ?"

ஞானசிகாமணி உலகம்மாளைப் பார்த்தார். பலகையிலிருந்து விழுந்த அன்று அவளைத் தோளில் போட்டு ஆறு மாடி இறங்கியவர் அவர். காண்டிராக்டரின் ஆள் ஒருவர் கொட்டகை நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஞானசிகாமணி அந்தப் பக்கமும் ஒருமுறை பார்த்தார்.

"இந்தப் பெம்பிளையை நான் கண்டதே இல்லை சாரே."

வரிசையில் பாஸ்கரன் நாயராக நின்றிருந்த பிச்சைக்கனி மெல்லப் பின்வாங்கி, வேலியோரமாக நடந்து மறைந்தான்.

மணக்காட்டுப் பங்கஜாட்சிதான் பேசினாள். "சாரே, எனக்கு ஒண்ணும் அறியாது. கார்டு வந்நு, நான் வந்தேன். ஒரு செங்கல்லுகூட நான் எடுத்ததில்ல. இந்த அக்கா காலைக் கண்டா தெரியாதா? இந்த வேலையை இவங்களுக்குத் தன்னே கொடுங்க."

பட்டாபி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனது இளகும்போது அப்படிச் செய்வது அவர் வழக்கம். துடைத்து முடித்ததும் மறுபடி சட்டம் தெளிவாகத் தெரியும்.

"இங்க பாருங்கோ ரெண்டு பேரும். நேக்கும் கண்ணு இருக்கு. ஆறு வருஷமா இன்ஸ்பெக்ஷனுக்கு வந்துண்டிருக்கேன், இவ கையால மோர்கூட வாங்கிக் குடிச்சிருக்கேன். ஆனா நான் பார்த்ததுக்கு ரெக்கார்டு கிடையாதே. பங்கஜாட்சி வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா, அந்த இடம் வெயிட்டிங் லிஸ்டுல அடுத்த ஆளுக்குப் போகும். எரநூத்திப் பன்னெண்டு பேர் காத்துண்டிருக்கா. இவளுக்கு வராது."

"அப்போ இந்த எட்டு மாடியையும் யாரு சாமி சொமந்தா?"

"பங்கஜாட்சி."

"எந்தப் பங்கஜாட்சி?"

"ரெக்கார்டுல இருக்கிறவ. நான்தான் அந்தப் பங்கஜாட்சின்னு நீ நிரூபிச்சாயானா, ஒம்பது வருஷம் ஆள்மாறாட்டம் பண்ணினதா ஆகும். அதுக்குக் கேஸ் உண்டு. நிரூபிக்கலேன்னா நீ இங்க வேலையே பார்க்கலே. எது வேணும்னு நீயே சொல்லு அம்மா, நான் எழுதிக்கறேன்."

இவ்வளவு நேர்மையாக யாரும் அவளிடம் அனுமதி கேட்டதில்லை. எதையும் எழுத வேண்டாம் என்றாள் உலகம்மாள்.

பங்கஜாட்சி சற்று நேரம் ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் தெரியாத இருநூற்றுப் பன்னிரண்டு பேர். வீட்டில் மூன்று பெண்கள். "அப்போ நான் தன்னே கையொப்பு போடுறேன் அக்கா," என்றாள் தாழ்ந்த குரலில். அவள் தப்பு ஒன்றும் இல்லை. ஒடிந்த காலுக்காக அவளைத் தண்ணீர் ஊற்றும் வேலையில் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரி நோட்டு அத்தனை சுத்தமாக இருந்தது.

வெளியே ஞானசிகாமணி காத்து நின்றார். "ஆமான்னு சொன்னா ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போகணும் பிள்ளே. அங்க உள்ளூர்க்காரன் வெளியூர்க்காரன்னு பாக்க மாட்டான், எல்லாரையும் எடுத்துக்கிடுவான்."

"என் சட்டியாவது தருவீரா அண்ணாச்சி?"

"அது கம்பெனிச் சாதனமாக்கும்," என்றார் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அடுத்த திங்கட்கிழமை உலகம்மாள் கரமனைச் சந்திப்பில் போய் நின்றாள். சின்ன வீடு கட்டுகிறவர்கள் காலையில் அங்கே வந்து ஆள் பார்ப்பது வழக்கம். எட்டரை மணிவரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கடைசியாக நெல்லையப்பன் என்ற கொத்தனார் ஒருவர், வேறு ஆள் கிடைக்காததால், அவள் முன் வந்து நின்றார்.

"முன்ன எங்கயாவது வேலை செஞ்சிருக்கியாம்மா?"

உலகம்மாள் கையை நீட்டினாள். தென்னை மரங்களுக்கு மேலே எட்டு மாடியும் வெள்ளையடித்து நின்றது.

நெல்லையப்பன் சிரித்தார். "அது முக்காலும் இந்த ஊர்க்காரங்க கெட்டினதுல்லா? பேப்பர்ல போட்டிருந்தானே. நம்ம ஆளுங்களை எங்க உள்ள விட்டான்? பொய் சொல்லாம சொல்லு."

"செஞ்சதில்ல அண்ணாச்சி," என்றாள் உலகம்மாள். "புதுசு."

"அப்போ ஒரு நாலு செங்கல்லைத் தூக்கிக் காட்டு பாப்போம். ஆளைப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

சாலையோரம் குவிந்திருந்த செங்கல்லில் நான்கை எடுத்து, சும்மாடு இல்லாத தலையில் வைத்து, அவர் சொன்ன மைல்கல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். காலைச் சாய்த்து நடக்காமல் இருக்கப் பார்த்தாள். நெல்லையப்பன் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"நொண்டுதியே," என்றார். "இன்னொரு தடவை நடந்து காட்டு."