புகைக்கு வழி கேட்ட வசந்தா

அன்று காலை பூரிக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பெங்களூர் போகும் முதல் வண்டியைப் பிடிக்கிறவர்கள் பொட்டலத்துக்காக வாசலில் நின்றார்கள். வசந்தாவின் மகன் போன் செய்து, "பெரிம்மா, அம்மா எழுந்திரிக்கல" என்றான். அடுப்பை அணைத்துவிட்டு, போட்டது போட்டபடி ஓடினேன். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

தங்கவயல் கோரமண்டலில் எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்ட உங்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அடுப்படி நான், பந்தி அவள். சாம்பார் வரத் தாமதமானால் சிலர் தட்டில் தாளம் போடுவார்கள். "இன்னா, கச்சேரியா?" என்பாள். தட்டியவரும் சிரித்துவிடுவார்.

சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றைத்தான் மெஸ்ஸாக்கியிருந்தோம். தாழ்ந்த கூரை, கையகல ஜன்னல். மிளகாய் தாளித்தாலும் மீன் பொரித்தாலும் புகை முதலில் எனக்குத்தான். இருமல் பிடித்தது, பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது. இப்படியே புகையில் நின்றால் நுரையீரல் தாங்காது, சமையலை விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். இருமல் எங்கே கொண்டுபோய்விடும் என்று சுரங்கத் தூசியில் இருமியே செத்தவர்களைப் பார்த்துத் தங்கவயலில் வளர்ந்தவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். மூடிவிடலாம் என்று அழுதேன். வசந்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிம்னி வாங்கக் கிளம்பினாள்.

கடைக்காரர் குழாயே இல்லாத சிம்னி ஒன்றைக் காட்டினார். சுவரை உடைக்க வேண்டாம், உள்ளேயே வடிகட்டிவிடும் என்றார். நான் தலையாட்டப் போனேன். வசந்தா விடவில்லை. "புகைய வடிகட்டி எங்க அக்கா மூஞ்சிக்கே திருப்பி உடறதுக்கு எதுக்குங்க ஒரு மிஷினு?" என்று கேட்டாள். குழாய் வைத்த சிம்னிதான் வந்தது.

வந்த சிம்னி பெட்டிக்குள்ளேயே கிடந்தது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பின்சுவரில்தான் துளை போட முடியும். அதற்கு அந்தப் பக்கம் முனிரத்தினம் அண்ணன் வீட்டு முற்றம். காயப்போட்ட துணியெல்லாம் வறுவல் வாசம் அடிக்கும், முடியாது என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குழாயைச் சுவரோடு மேலே ஏற்றி உங்கள் கூரையைத் தாண்டி விடுகிறோம், முற்றத்தில் ஒரு ஏணி வைக்க மட்டும் இடம் கொடுங்கள் என்றாள் வசந்தா. அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார்.

அன்றிலிருந்து அவர் பெங்களூரில் வேலை முடித்து வண்டியிறங்கி வரும் நேரத்துக்கு அவர் வாசலில் போய் நிற்பாள். "அண்ணா, இன்னிக்கு ஏணி வெக்கலாமா?" அவ்வளவுதான் கேள்வி. கெஞ்சலும் கிடையாது, முறைப்பும் கிடையாது. மாட்டேன் என்றால், "சரிங்கண்ணா, நாளிக்கு வரேன்" என்று திரும்பிவிடுவாள். மழையிலும் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணனின் மனைவி இவளுக்கு டீ போட்டுக் கொடுக்க ஆரம்பித்ததும் மனிதர் நொந்துபோனார். "வெச்சித் தொலைம்மா" என்றார்.

மாட்டிய மறுநாள் காலை பொத்தானை அமுக்கினேன். சிம்னி இரைந்தது, ஆனால் புகை அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாட்டியவர் வந்து எதை எதையோ கழற்றிப் பார்த்தார். மார்கழிக் குளிருக்கு நான் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கச் சாத்தியிருந்தேன். உள்ளே வந்த வசந்தா பின்கதவை ஓர் உதை விட்டாள். புகை சரசரவென்று மேலே ஏறியது. "கெட்ட காத்து போவ வழி வெச்சா போதுமா? நல்ல காத்து வர வழி கீதா? சொரங்கத்துல ஷாஃப்ட் எறங்குன ஆளோட பொண்ணாக்கா நீ?" என்று கேட்டாள். ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்கினாள்.

சிம்னியின் சல்லடைகளை என்னைத் தொடவிட மாட்டாள். ஞாயிறுதோறும் அவளே கழற்றி, சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்ப்பாள். சில ஞாயிறுகளில் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நெஞ்சை நீவிக்கொள்வாள். என்னடி என்றால், சுளுக்கு என்பாள். காரியம் முடிந்த பிறகு அவள் மகன்தான் சொன்னான்: "ரொம்ப நாளா நெஞ்ச அழுத்துதுன்னு சொல்லினு இருந்தாங்க, பெரிம்மா. உங்களுக்குத் தெரிஞ்சா மெஸ்ஸ மூடிடுவீங்கன்னு சொல்ல உடல."

வசந்தா, எனக்கு உன் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. என் நெஞ்சுக்காக ஊரான் வாசலில் போய் நின்றாயே, உன் நெஞ்சைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? மூடியிருப்பேன்தான். மூடினால் மறுபடி திறக்க முடியாதா, பைத்தியக்காரி?

மெஸ் நடக்கிறது. நடத்துவேன். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம் ஒன்றைத்தான். போன வாரம் மாவரைக்கும் லட்சுமி நெஞ்சை நீவினாள். ஒன்றுமில்லை, வெறும் வாயு என்றாள். பந்தியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பை அணைத்தேன், கதவைச் சாத்தினேன், அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, வெறும் வாயுதான் என்றார் டாக்டர். இருக்கட்டும். நாளைக்கு அவள் மறுபடி நெஞ்சில் கை வைத்தாலும் அடுப்பை அணைப்பேன்.