வானொலி நாடகத்தில் ராக்காயி கண்ட குறை

எங்கள் துறையூர்ப் பூங்காவில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. சாயங்காலம் அதன் முன்னால் உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்ததும் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நல்லது கெட்டது என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. கல்யாணமாகி இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்கு வந்த புதிதில், இங்கே ஆட்கள் வானொலிக்குப் பதில் சொல்வதைப் பார்த்துத் திகைத்துப் போனேன். எங்கள் துணிக்கடையில் ஞாயிறு மதியம் தொடர் நாடகம் வைப்போம். லயங்கள் என்ற வரிசை வீடுகளிலிருந்து இறங்கி வந்த தேயிலைத் தோட்டத்து ஆட்கள் சாமான் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். நாடகத்தில் ஒருவன் பொய் சொன்னால், கடைக்குள்ளிருந்து ஒருத்தி அவனைத் திட்டுவாள். ஒருமுறை நாடகம் முடிந்தும் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது, பக்கத்தில் பாண் என்கிற ரொட்டி விற்கும் கடைச் சிங்களவர் ஓடி வந்து ஏதோ கேட்டார். புரியாமல் பெட்டியைக் கைகாட்டினேன். தலையை ஆட்டி எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். யார் செத்தது என்று அவர் கேட்டதாகவும், பெட்டி கெட்டுப்போனதற்காகத்தான் அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டதாகவும் என் கணவர் பிறகு சொன்னார்.

குடியுரிமை இல்லாத தோட்டத்து ஆட்கள் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகத் தொடங்கியிருந்த வருடம் அது. அந்த வருடத்து நாடகம் ஒரு தோட்டக் குடும்பத்தைப் பற்றியது. கூட்டம் தெருவரை நின்றது. மழைச் சத்தத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். தகரக் கூரையில் விழுகிற மாதிரியே இருக்கிறதாம். குறைகளும் சொன்னார்கள். மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் மேடையில் பேசுவதுபோல் பேசுகிறார்கள். ஒருவர் காலையும் அட்டை கடிப்பதில்லை. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கதையில் அந்தக் கணவன் இந்தியாவுக்குப் போக முடிவெடுத்த வாரம்தான் சிரிப்பு நின்றது. அவன் மனைவி, நீங்கள் இருக்கும் இடமே எனக்கு ஊர் என்று சொன்னாள். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கணவனோடும் மகளோடும் வந்திருந்த ராக்காயி துடைக்கவில்லை. தோட்டத்தின் மேல் டிவிசனில் கொழுந்து பறிப்பவள். அங்கேயே பிறந்தவள். அவள் கணவன் மாரிமுத்து, சின்ன வயதில் எங்கள் துறையூருக்கு அருகே முசிறிப் பக்கமிருந்து அப்பாவோடு வந்தவர்.

“கத சரியில்லம்மா,” என்றாள் என்னிடம். “அவளோட ஆத்தாள அந்த மலையிலதான பொதச்சிருக்கு? அத அவ ஒரு தடவயாச்சும் நெனச்சுப் பாக்க வேணாமா? அவள ஒரு வார்த்த யாருமே கேக்கலயே.”

மாரிமுத்து தரையைப் பார்த்தபடி, நாடகத்து மனைவி பேசியது சரிதான் என்றார். பிறகு, “நீயும் அப்பிடித்தான் சொல்லணும். கண்டி ஆபீசுக்குப் போய் இந்தியாவுக்குப் போக நம்ம பேரக் குடுத்துட்டேன்,” என்றார்.

“எப்ப?”

மாரிமுத்து எப்போது என்பதை விட்டுவிட்டு, ஏன் என்பதைச் சொன்னார். “இங்க எந்த நாட்டு ஆளுன்னு கேட்டா சொல்ல நமக்கு ஒண்ணுமில்ல. அங்க போனா ஒரு நாடாச்சும் இருக்கும்.” அவர் குரலில் அதிகாரம் இல்லை. அதனால்தானோ என்னவோ, அவரை மறுத்து யாராலும் பேச முடியவில்லை. ராக்காயி பையை எடுத்துக்கொண்டு மகளோடு மழையில் இறங்கிப் போனாள். பிறகு நாடகம் கேட்க அவள் வரவேயில்லை.

அந்தக் குடும்பம் கப்பலில் போய் இறங்கி இந்தியாவில் மாலை மரியாதை பெறுவதோடு நாடகம் முடிந்தது. நல்ல முடிவு என்றார்கள் பலர். எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு நான் துறையூருக்குப் போயிருந்தது நினைவுக்கு வந்தது. அண்ணி எனக்கு விருந்தாளிக்குப் போடுவதுபோல் தனியாக இலை போட்டாள். நான் ஓடி விளையாடிய தெருவில், சிலோன்காரி வந்திருக்கிறாள் என்றார்கள்.

ஒரு வார நாளில் ராக்காயி கடைக்கு வந்தாள். அங்கே தங்களை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டாள். நாடகத்து முடிவைச் சொல்லி அவளை அனுப்பியிருக்கலாம். அண்ணி போட்ட இலையைப் பற்றிச் சொன்னேன். அவள் “சரிம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து அந்த லயத்தில் பல நாள் சண்டை என்று கேள்விப்பட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமோ என்று மனம் அடித்துக்கொண்டது. கடைசியில் மாரிமுத்து முதலில் போய்ப் பார்ப்பது, அவளும் மகளும் இங்கேயே இருப்பது என்று முடிவானது. கண்டியில் கொடுத்த மனுவிலிருந்து அவள் தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டாள்.

அவர் புறப்பட்ட காலை, கொட்டகலை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். ராக்காயி அழவில்லை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்து, அங்கே வெயில் அதிகம், தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். துறையூரில் என் அண்ணன் கடை இருக்கும் தெருவைச் சொல்லி, உதவி வேண்டுமானால் அங்கே போகச் சொன்னேன்.

“யார் அனுப்புனதுன்னு சொல்லட்டும்மா?” என்று ஜன்னலிலிருந்து கேட்டார்.

“கொட்டகலை துணிக்கடையம்மா அனுப்புனாங்கன்னு சொல்லுங்க,” என்றேன்.

ரயில் ஹட்டன் பக்கம் திரும்பி மறைந்த பிறகுதான் உறைத்தது. துறையூரில் அப்படி ஒருத்தியை யாருக்கும் தெரியாது. என் பெயரைச் சொல்லி அனுப்ப எனக்குத் தோன்றவேயில்லை.