கட்டம் மட்டும் வந்த படங்கள்

என் தங்கைக்கு முப்பத்து நான்கு வயதாகிறது. அம்மாவுக்கு அவள் இன்னும் பாப்பாதான். நான் அவளைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். என்னை அவர் பாப்பா என்று கூப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. ‘பெரியவளே’ என்பார், அதுவும் கேஸ் தீர்ந்துபோனால்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில்தான் சொல்கிறேன்.

அம்மா கெடார் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. விழுப்புரத்தில் என் வீட்டோடு இருக்கிறார். காலையில் சுகர் மாத்திரை கொடுப்பது, டிபன் கட்டுவது, வண்டியில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுவது எல்லாம் நான். தங்கை திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பை மல்லாட்டையோடு, அதுதான் வேர்க்கடலையோடு, வந்து இறங்குவாள். அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாரம் முழுக்க நான் செய்ததெல்லாம் அந்தப் பையின் முன்னால் ஒன்றுமில்லாமல் போய்விடும்.

அம்மா ஓய்வு பெறும்போது பணி நிறைவு விழாவுக்குச் சின்னதாக ஒரு மலர் போடலாம் என்றது நான்தான். அம்மாவை யார் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விழாவுக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும், அதுவும் படத்தோடு தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆசிரியர்கள் ஆளுக்கொரு கட்டுரை தந்தார்கள். நான் நீளமாக ஒன்று எழுதினேன். ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே மூல ஃபைலோடு இணைத்தேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு. படங்களை உள்ளே ஒட்டினால் அப்படியே நின்றுவிடும். அதனால் என் கட்டுரையில் படங்களை ஒட்டாமல் லிங்க் மட்டும் கொடுத்தேன். படம் அதன் ஃபோல்டரிலேயே இருக்கும், கட்டுரையில் அது இருக்கும் இடத்தின் விவரம் மட்டும் இருக்கும். பிரிண்ட் கொடுத்தால் எழுத்தும் படமும் ஒன்றாக வந்துவிடும். வீட்டு பிரிண்டரில் கறுப்பு வெள்ளையில் போட்டுப் பார்த்தேன், அழகாக வந்தது.

தங்கையும் ஒரு கட்டுரை அனுப்பினாள். லிங்க்காவது ஒன்றாவது! அம்மாவோடு கன்னத்தோடு கன்னம் வைத்து எடுத்த செல்ஃபிகளை எழுத்துக்கு நடுவில் அப்படியே ஒட்டியிருந்தாள். மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

விழுப்புரத்திலேயே ஒரு கடையில் பேசி வைத்திருந்தேன். தங்கை போனில், திண்டிவனத்தில் தெரிந்த கடை இருக்கிறது, கலர் பிரமாதமாக வரும் என்றாள். அவ்வளவுதான்.

“பாப்பா சொன்னா சரியா இருக்கும். நீ அங்கயே குடுத்துடு” என்றார் அம்மா.

விழாவுக்கு முந்தின நாள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடுப்பில் மூல ஃபைலையும் கட்டுரைகளையும் மட்டும் அதில் போட்டேன். படங்கள் இருந்த ஃபோல்டர் ஞாபகத்துக்கே வரவில்லை.

தங்கை கடை வாசலிலேயே நின்றிருந்தாள். கம்ப்யூட்டரில் இருந்த பெண் மூல ஃபைலைத் திறந்தாள். என் பக்கங்களில் படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலிக் கட்டம். ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. அடுத்து தங்கையின் பக்கங்கள் வந்தன. அம்மாவும் அவளும் முழுக் கலரில் பளிச்சென்று இருந்தார்கள்.

“இதுல படம் இல்லீங்க மேடம். உங்க சிஸ்டத்துலயே நின்னுபோச்சு. இப்டியே எடுத்தா வெறும் கட்டந்தான் வரும்” என்றாள் அந்தப் பெண்.

அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவள் வெறும் கட்டம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவள் கலர்ப் படம். அழுகை வந்துவிட்டது.

“ஏங்க்கா பேஜாரு ஆவுற? மாமாவுக்குப் போன் பண்ணு, ஜல்தியா அனுப்புவாரு” என்றாள் தங்கை.

என் வீட்டுக்காரர் ஃபோல்டரை அனுப்பினார். அந்தப் பெண் லிங்க்கைச் சரிசெய்ததும் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. முதல் படம், பனமலை ஏரிக்கரையில் அம்மாவும் தங்கையும். அடுத்தது, பள்ளி ஆண்டு விழாவில் அம்மாவும் தங்கையும். அடுத்தது, ஆபரேஷன் முடிந்த அம்மாவுக்குத் தங்கை இளநீர் கொடுக்கிறாள். அந்த ஆஸ்பத்திரியில் வாரம் முழுக்கத் தரையில் பாய் போட்டுப் படுத்தவள் நான்.

கடைசிவரை பார்த்தேன். ஒரு படத்திலும் நான் இல்லை. எல்லாம் நான் எடுத்தவை. நான் எடுத்ததால் அவை என் படங்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன். வீட்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்தபோதுகூட அது உறைக்கவில்லை.

“என் பக்கத்த எல்லாம் தூக்கிடுங்க. இவளுது மட்டும் போதும்” என்று அந்தப் பெண்ணிடம் கத்தினேன்.

தங்கை திரைக்குப் பக்கத்தில் குனிந்து, என் படங்களை மறுபடி மேலிருந்து தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சின்னதாகிவிட்டது.

“நான்தான் பக்கத்துல நிக்கிறேன். ஒண்ணுலயாவது அம்மா என்னப் பாக்குறாங்களா பாரு. எல்லாத்துலயும் படம் எடுக்குற உன்னையே பாத்துக்கினு சிரிக்கிறாங்க. என் செல்ஃபில எங்கியோ பாக்குறாங்க” என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன். ஏரிக்கரையிலும் அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் படுத்திருந்தபோதும் இளநீரை விட்டுவிட்டு என்னைத்தான். என் தங்கைக்கும் வயிறு எரிகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

“ஒண்ணயும் தூக்காதீங்க. எல்லாத்தையும் சேத்து பிரிண்ட் போடுங்க” என்றேன்.

மெஷின் ஓடத் தொடங்கியது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு விழாவுல நீ அம்மா பக்கத்துல நில்லுக்கா. நான் எடுக்குறேன்” என்றாள்.

அவள் எடுத்தால் அம்மா அவளைப் பார்ப்பார்.

“வேணாண்டி, நீயே நில்லு. நான் எடுத்துக்குறேன்” என்றேன்.