கொம்புத்தாய் விழ எடுத்துக்கொண்ட நேரம்

யாராவது விழுந்தால் சாவு மாஸ்டரின் கட்டைவிரல் முதலில் ஓடும். மனிதர் அதற்குப் பிறகுதான் ஓடுவார். சுட்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி நடுக்கணு, நுனிக்கணு, அடுத்த விரல், அதற்கடுத்தது என்று சுண்டுவிரல் நுனிவரை கட்டைவிரல் வருடிக்கொண்டே போகும். நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, ஆகப் பன்னிரண்டு. பன்னிரண்டையும் தொட்டு முடிக்க அவருக்குச் சரியாக ஒரு நொடி ஆகும். கடிகார முள்ளோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிப் பழக்கிய விரல். பேருந்துப் படியில் ஒருவர் தடுக்கினால் ஏழு. சிமெண்ட் மூட்டையோடு மாடிப்படியில் சரிந்தால் இருபது. குடித்தவர்கள் மட்டும் எந்தக் கணக்குக்கும் வரமாட்டார்கள், விழும்போது நடுவில் நின்று யோசிக்கிறார்கள் என்பார்.

தொழில் அப்படி. கையால் வரைந்த படங்களை மட்டும் வைத்து ஒரு மாயக் காட்டு கேம் தயாரித்துக்கொண்டிருந்த ஸ்டுடியோவில் அவர் ஓவியர். அதில் ஒரு நொடி ஓடப் பன்னிரண்டு படம் வேண்டும். வாள் ஏந்திய வேட்டைக்காரி நடப்பது, குதிப்பது, வெட்டுவது எல்லாவற்றையும் மற்றவர்கள் வரைந்தார்கள். வெட்டுப்பட்டவை விழுந்து சாவது இவர் பங்கு. ஓநாய், வௌவால், கவசம் போட்ட படைவீரன் என்று மூன்று வருடத்தில் அறுபத்து மூன்று சாவு வரைந்திருந்தார். அதனால் வந்த பெயர்தான் சாவு மாஸ்டர். அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் திடுக்கிட்டு, இரண்டாம் நாள் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு டீ குடிக்க அழைப்பார்கள்.

அறுபத்து மூன்றில் ஒன்றைத்தான் அவர் தன்னுடையது என்று நினைத்தார். அது கொம்புத்தாயின் சாவு. பாதி பெண், பாதி மான். காட்டின் நடுவே உட்கார்ந்திருக்கும் பெரிய எதிரி. அவளை வீழ்த்தினால்தான் அடுத்த கதவு திறக்கும்.

அது வந்த விதம் வீட்டுக்குள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, அவர் மனைவிக்கு, மனைவியின் அண்ணனுக்கு. ஒரு காலையில் மனைவி குளியலறையில் சோப்புத் தண்ணீரில் கால் வைத்தாள். இவர் தோளில் துண்டோடு வாசலில் நின்றிருந்தார். அவளுடைய வலது கை குழாயைத் தேடிப் போயிற்று, பிடிக்கவில்லை. வாளியின் விளிம்பைத் தேடிற்று, வாளியும் கூடவே சாய்ந்தது. கொண்டை அவிழ்ந்தது. இடுப்பு தரையைத் தொட்டது, பிறகு மணிக்கட்டு. வாளி உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது. அந்த நிசப்தத்தில் அவர் சொன்னது ஒரே சொல்.

"பதினாலு."

அடுத்துச் சொன்னது, "அப்படியே இரு."

எலும்பு உடைந்தவர்களை அசைக்கக்கூடாது, அதனால் சொன்னேன் என்று பின்னால் எல்லோரிடமும் விளக்கினார். கேட்டவர்கள் நம்பினார்கள். தரையில் கிடந்தவள் நம்பவில்லை, ஏனென்றால் அவர் கண் எங்கே இருந்தது என்று கீழிருந்து அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. விரிந்து கிடந்த கூந்தலை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ கோடு போட்டார்.

மணிக்கட்டு சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. மருந்துக்கடை கவுண்டரில் நின்று, சிரித்துப் பேசிக்கொண்டே மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தவள் அவள். அதன் பிறகு கத்தரி கையில் நிற்கவில்லை. முதலாளி அவளைப் பின்னறைக்கு அனுப்பினார், பெட்டிகளைத் துடைத்து அடுக்குவதற்கு. அரை நாள் வேலை. ரப்பர் பந்தை நூறு தடவை அமுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். மதியம் வேலை முடிந்ததும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கைக்குப் பயிற்சி செய்துவிட்டு வருகிறேன் என்றாள். பந்தை வீட்டிலேயே அமுக்கலாமே என்று மாஸ்டர் கேட்கவில்லை. அவர் அப்போது வரைந்துகொண்டிருந்தார்.

பதினாலை மும்மடங்காக்கி நாற்பத்திரண்டு படம். மூன்றரை நொடி. குழாய் இருந்த இடத்தில் ஒரு மரக்கிளையை வைத்தார். வாளி கல் கிண்ணமாயிற்று. அவிழ்ந்த கொண்டை, கொம்பிலிருந்து உதிரும் இலைகளாயிற்று. கொம்புத்தாயின் கை கிளையைத் தேடிப் போய், பிடிக்காமல், விரல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும் இடத்தில் மட்டும் பதினோரு படம். ஸ்டுடியோ முதலாளி அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் ஓட்டினார். மாஸ்டரின் வேலையை ஒரு முதலாளி இரண்டு தரம் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

கேம் வெளிவந்தது. வேலை செய்த எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி. மாஸ்டர் வீட்டில் அதை ஓட்டும் பெட்டி இல்லாததால், அது இருந்த மச்சான் வீட்டுக்குக் கொடுத்தார். மச்சான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். விடுமுறையில் கேம் ஆடுவார்.

"மாப்ளே, நீங்க வரைஞ்சதை நானே கொல்றேன். குடும்பத் தொழிலா ஆயிடுச்சு பாருங்க," என்றார்.

திங்கள்கிழமைதோறும் ஸ்டுடியோவில் ஆடியவர்களின் கருத்துகளைப் படிப்பார்கள். அவற்றைத் திரட்டி வந்து வாசிக்கும் பெண்ணுக்குத் தபால் என்று பெயர். ஒவ்வொரு கருத்துக்கும் கீழே ஆமாம் என்று ஒரு பொத்தான் உண்டு. பத்தாயிரம் ஆமாம் சேர்ந்தால் அடுத்த அப்டேட்டில் அதைச் செய்தே தீர வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். எழுதியவரே கருத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால் ஆமாம்களும் அதோடு போய்விடும்.

அந்தத் திங்கள்கிழமை தபால் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"'படம் வரைஞ்சவங்க கையைக் கண்ணுல ஒத்திக்கலாம். கதை எழுதினவங்க கையைக் கட்டிப்போடலாம்.' நானூறு ஆமாம்."

கதை எழுதியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"'குதிக்கிற பொத்தானை அமுக்கினா யோசிச்சிட்டுக் குதிக்கிறா. எங்க மாமியார் இதைவிடச் சுருக்கா எழுந்திருப்பாங்க.' ஆயிரத்து இருநூறு. 'காடு அழகு. ஆனா மரத்துக்குப் பின்னாடி எதிரி நின்னா தெரியல. அழகு பாத்தே மூணு தடவை செத்தேன்.' எண்ணூறு. 'கொம்புத்தாய் செத்த பிறகும் நின்னுக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. நான் என்ன துக்கம் விசாரிக்கவா வந்தேன்?' மூவாயிரம்."

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் கருணையோடு சிரித்தார். ரசனை இல்லாதவர்களிடம் கோபித்து என்ன பயன் என்கிற சிரிப்பு.

"இருங்க, பெரிசு இதுதான்," என்றாள் தபால். "பயனர் நாலு பூஜ்யம் ஏழு ஒண்ணு எட்டு. 'கொம்புத்தாய் விழறது ரொம்ப நேரமா இருக்கு. கை குழாயைத் தேடுற வரைக்கும் பாத்தாச்சு, போதும். ஒருத்தங்க விழறதை இவ்வளவு நேரம் நின்னு பாக்க வெக்கிறது நல்லாயில்ல. சீக்கிரம் முடிங்க.' ஒன்பதாயிரத்து எழுநூறு ஆமாம்."

"குழாயா?" என்றார் கதை எழுதியவர். "காட்டுல ஏதும்மா குழாய்?"

"யாரோ குழாயடிச் சண்டையில பழகினவங்க போல," என்றான் வண்ணம் தீட்டுகிறவன். அறையே சிரித்தது.

மாஸ்டரும் சிரித்தார். சிரித்து முடிவதற்குள் அவருடைய கட்டைவிரல் சுட்டுவிரலின் அடிக்கணுவில் போய் நின்றுவிட்டது.

மாலையில் வீட்டுக்குப் போனபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து பந்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கழற்றியதை எடுத்து மறுபடியும் நேராக வைத்தார்.

"குழாய்னு எழுதியிருக்காங்க ஒருத்தங்க," என்றார்.

"அப்படியா."

"காட்டுல குழாய் கிடையாது."

"நீங்கதானே வரைஞ்சீங்க. இருந்துச்சா இல்லையான்னு உங்களுக்குத்தான் தெரியும்."

பந்து அமுங்கியது, விரிந்தது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இன்னும் முந்நூறு ஆமாம் விழுந்தா வெட்டச் சொல்லிடுவாங்க. எழுதினவங்க திரும்ப எடுத்துட்டா எல்லாம் போயிடும். ஒரு பொத்தான்தான்."

"ஒரு பொத்தான்தான்."

"நான் இதுவரைக்கும் செஞ்சதுலயே நல்லா வந்தது அது."

"என் கைக்கு இதுவரைக்கும் வந்ததுலயே மோசமானதும் அதுதாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதாவது அந்த மணிக்கட்டைப் பார்த்திருக்கலாம். அவர் கண் போனது பந்துக்கு, விரல்கள் மூடும் விதத்துக்கு.

"சரி," என்றாள் அவள். "எடுத்துடறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் கீழ கிடந்தப்ப நீங்க முதல்ல என்ன சொன்னீங்க?"

இந்தக் கேள்விக்கு ஒரு ஆண்பிள்ளை சொல்லக்கூடிய பதில்கள் எத்தனையோ உண்டு. மறந்துவிட்டது எனலாம். பயத்தில் உளறினேன் எனலாம். ஒன்றுமே சொல்லாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாம். மாஸ்டர் தொழில் சுத்தமானவர். கேட்ட மாத்திரத்தில் சொன்னார்.

"பதினாலு."

சொன்ன குரலில், சரியான விடை சொன்ன மாணவனின் திருப்தி இருந்தது.

அவள் பந்தைப் பார்த்தபடி, "மறக்கல," என்றாள். "நல்ல வேளை. நான்தான் தப்பா எண்ணிட்டேனோன்னு நினைச்சேன்."

"எடுத்துடுவேல்ல?"

"டீ போடட்டுமா?"

கருத்து இருந்த இடத்திலேயே இருந்தது. புதன்கிழமை பத்தாயிரம் தாண்டியது. அந்தப் பத்தாயிரம் பேருக்கும் குளியலறையும் தெரியாது, மணிக்கட்டும் தெரியாது. அவர்களுக்கு அடுத்த கதவு சீக்கிரம் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டு, "ஏழு படம் போதும்," என்றார். "எந்த ஏழுன்னு நீங்களே எடுத்துக்குங்க. உங்க பிள்ளை, உங்களுக்குத்தான் உரிமை."

நாற்பத்திரண்டு தாள்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். மேஜை போதாமல் தரையிலும் வைத்தார். சக ஓவியர்கள் கடந்து போகும்போது தாளை மிதிக்காமல் காலை எடுத்து எடுத்து வைத்தார்கள். சாவு வீட்டில் நடப்பதுபோல் இருக்கிறது என்று வண்ணம் தீட்டுகிறவன் சொன்னான். சொன்ன பிறகு அவனே சிரித்தான். வெட்டுப்படுவது ஒன்று, சாய்வது இரண்டு, தரை ஒன்று, தூசி மூன்று. ஏழாயிற்று. கிளையைத் தேடும் கைக்கு இடமில்லை. அந்தப் பதினோரு தாளையும் அவர் உறையில் போட்டு, மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல், தேதியை மட்டும் எழுதினார்.

அடுத்த திங்கள்கிழமை தபால் வாசித்தாள். "'இப்பத்தான் சாவு மாதிரி இருக்கு.' 'வெட்டினா விழறா. இதுதான் மரியாதை.' 'வரைஞ்சவங்க கேட்டுத் திருத்தியிருக்காங்க, பெரிய மனசு.' ரெண்டாயிரம் ஆமாம் மாஸ்டர், உங்க மனசுக்கு."

அன்று முதல் அவருக்கு ஏழாம் நம்பர் என்று புதுப்பெயர் வைத்தார்கள். கேம் நன்றாக விற்றது. அடுத்த கேமில் ஓநாய்கள் நான்கு படத்தில் செத்தன. அவர் வரைந்தார். சாவு என்ற பெயர் போனது பற்றி அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மேலும் இரண்டு வருடம் அதே மேஜையில் உட்கார்ந்தார், வீட்டில் அதே கட்டிலுக்கு எதிரே டீ குடித்தார். குழாயைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு பேசவில்லை. பேருந்துப் படியில் யாராவது தடுக்கினால் கட்டைவிரல் இன்னும் ஓடியது, ஏழில் நின்றது, மீதிக் கணுக்களை விட்டுவிட்டுச் சட்டைப் பைக்குள் போனது.

விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் ஸ்டுடியோவில் எல்லோரும் நினைத்தார்கள்.

மாஸ்டர் விடுப்பில் இருந்த ஒரு நாள், அலுவலக ஃப்ரிட்ஜ் குளிராமல் போக, பார்க்க வந்தவர் மச்சான். பின்பக்க மூடியைக் கழற்றிக்கொண்டே பேச்சு கொடுத்தார். கருத்து படிக்கிற பெண் இவள்தான் என்று தெரிந்ததும், தபாலிடம் கேட்டார்.

"ஏம்மா, நீங்க அனுப்புற அப்டேட்டு, நெட் இல்லாத பெட்டிக்கு வராதுல்ல?"

"வராது. பழசுதான் ஓடும். ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, எங்க தங்கச்சி அப்ப ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பெட்டியிலருந்து நெட் வயரைப் பிடுங்கி வெச்சா. திரும்பச் சொருகக் கூடாதுன்னுட்டா. ரெண்டு வருஷமாச்சு, நான் வேற எதையும் ஆட முடியல."

செவ்வாய்க்கிழமை என்பது, அவள் டீ போடட்டுமா என்று கேட்டதற்கு மறுநாள்.

"அவங்க கேம் ஆடுவாங்களா?"

"மதியம் மதியம் வருவா. கொம்பு வெச்ச பொம்பளைவரைக்கும் ஆடுவா, அந்த ஒண்ணைத்தான். கதவு திறந்தா உள்ள போகமாட்டா, அணைச்சிட்டு மறுபடியும் முதல்லருந்து." மச்சான் திருப்புளியை வாயில் கடித்துக்கொண்டு ஒரு கம்பியை இழுத்தார், பிறகு எடுத்துவிட்டுச் சொன்னார். "அது விழுற நேரத்துல மட்டும் ஜாய்ஸ்டிக்கைக் கீழ வெச்சிடுவா. கை வலிக்குதா தாயின்னு கேட்டேன். இல்லண்ணே, யாராவது ஒருத்தர் எண்ணாம பாக்கணும்ல, அப்படின்னா."